கேள்வி புரிகிறது, சமன்பாடுதான் வரவில்லை

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், அரசுப் பாடத்திட்டம். இரண்டு சமன்பாட்டைக் கொடுத்துத் தீர்வு காணச் சொன்னால் நீக்கல் முறை, பிரதியிடல் முறை எதில் கேட்டாலும் போட்டுவிடுகிறாள். அதையே வாக்கியக் கணக்காகக் கேட்டால் பேனாவை மூடி வைத்துவிடுகிறாள். வயதுக் கணக்கும் இரண்டு இலக்க எண் கணக்கும் சுத்தமாக வரவில்லை. டியூஷனில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு ஃபார்முலா கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். விடையைப் பார்த்தால் புரிகிறது என்கிறாள், தனியாகப் போட வரவில்லை. நான் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன், பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. என்னால் ஏதாவது செய்ய முடியுமா, இல்லை டியூஷனை மாற்ற வேண்டுமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

வணக்கம் சகோதரி.

டியூஷனை மாற்றுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்ப்போம், அது அவ்வளவு அவசரம் இல்லை. உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி 'விடையைப் பார்த்தால் புரிகிறது' என்பதுதான். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற எல்லோரும் வருடா வருடம் கேட்கிற வரி அது, பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே புரிகிறது. நோட்ஸில் முதல் வரி 'மகளின் வயது எக்ஸ் என்க, தாயின் வயது ஒய் என்க' என்று இருக்கும், அடுத்த வரியில் சமன்பாடு தயாராக வந்து உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒருவர் மனதுக்குள் என்ன செய்தார் என்பது எங்கேயும் எழுதியிருக்காது. உங்கள் மகளுக்கு வராதது அந்த நடுப்பகுதி மட்டும்தான். அதற்கு அப்புறம் வருகிற நீக்கல், பிரதியிடல் எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதைத் திரும்பத் திரும்பப் போட வைத்து அவளைச் சோர்வாக்க வேண்டாம்.

நடுப்பகுதியைப் பிடிக்க எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிற வழி ஒன்றுதான். சமன்பாடு எழுதாதே, முதலில் ஒரு விடையை ஊகித்துச் சொல் என்று கேளுங்கள். தப்பாக இருந்தால் பரவாயில்லை, சொல்லப்போனால் தப்பாக இருப்பதுதான் நல்லது. அந்த விடை ஏன் தப்பு என்று அவள் உங்களுக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு வயதுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 'நான்கு ஆண்டுகளுக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல் ஐந்து மடங்காக இருந்தது. இன்னும் 14 ஆண்டுகள் கழித்துத் தாயின் வயது மகளின் வயதைப் போல் இரு மடங்காக இருக்கும். இருவரின் தற்போதைய வயது என்ன?' அவள் குத்துமதிப்பாக மகளுக்கு 8, தாய்க்கு 32 என்று சொல்கிறாள் என்று வையுங்கள். சரி, பார்ப்போம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகளுக்கு 4, தாய்க்கு 28. நாலைந்து இருபது, ஆனால் தாய்க்கு 28 ஆகிறது, ஒத்துவரவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து மகளுக்கு 22, தாய்க்கு 46. இரண்டு மடங்கு என்றால் 44 வர வேண்டும், அதுவும் ஒத்துவரவில்லை. ஆக 8, 32 தப்பு. இதைச் செய்ய அவளுக்கு இயற்கணிதமே தேவைப்படவில்லை, நான்காம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும்.

இப்போது அவள் செய்த அந்தச் சரிபார்ப்பை, நடுவில் கணக்கிட்டுச் சுருக்காமல், அப்படியே இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள்:

32 − 4 = 5 × (8 − 4) சரியா?
32 + 14 = 2 × (8 + 14) சரியா?

இரண்டுக்கும் பதில் 'இல்லை'. இனி 32 இருக்கிற இடத்தில் ஒரு எழுத்து, 8 இருக்கிற இடத்தில் இன்னொரு எழுத்து. புத்தகத்தில் எக்ஸ், ஒய் என்று வரும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறீர்கள் என்பதால் நான் தமிழ் எழுத்தையே வைக்கிறேன், அம்மாவின் வயது அ, மகளின் வயது ம:

அ − 4 = 5(ம − 4)
அ + 14 = 2(ம + 14)

சமன்பாடு வந்துவிட்டது. அவள் 'வரவில்லை' என்று பேனாவை மூடிவைத்த இடம் இதுதான். ஊகித்த எண்ணைச் சரிபார்க்கும்போது என்னென்ன செய்தாளோ அதையே எழுத்தை வைத்துச் செய்தால் அதுதான் சமன்பாடு, வேறு ஒன்றும் இல்லை. மீதி அவளுக்குத் தெரிந்த வேலை: அடைப்பை விரித்தால் அ − 5ம = −16, அ − 2ம = 14. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3ம = 30. மகளுக்கு 10, தாய்க்கு 34.

இந்த வழியில் இன்னொரு லாபம் உண்டு, அடைப்புக்குறி தானாக வந்துவிடும். வயதுக் கணக்கில் பிள்ளைகள் விழுகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, தாயின் வயதில் மட்டும் 4-ஐக் கழித்துவிட்டு மகளை அப்படியே விட்டுவிடுவது: அ − 4 = 5ம, அ + 14 = 2ம. இதைத் தீர்த்துப் பாருங்கள், மகளுக்கு மைனஸ் 6 வயது, தாய்க்கு மைனஸ் 26. இரண்டாவது, கழிக்கிறார்கள், ஆனால் அடைப்பு போடுவதில்லை: அ − 4 = 5ம − 4, அ + 14 = 2ம + 14. இதில் அ = 5ம என்றும் அ = 2ம என்றும் வரும், அப்படியானால் இருவருக்கும் வயது பூஜ்ஜியம். வேடிக்கை என்னவென்றால் இப்படி வந்ததும் பிள்ளைகள் சமன்பாட்டைச் சந்தேகப்படுவதே இல்லை, நீக்கல் முறையில் எங்கோ குறி மாறிவிட்டது என்று அதையே மூன்று தடவை போட்டுப் பார்ப்பார்கள். எண்ணை வைத்துச் சரிபார்க்கும்போது இந்த இரண்டு தப்பும் நடக்காது. 8-லிருந்து 4-ஐக் கழித்து 4 என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஐந்தால் பெருக்குகிறாள், 8-ஐ ஐந்தால் பெருக்கிவிட்டு அப்புறம் 4-ஐக் கழிக்க யாருக்கும் தோன்றாது.

அடுத்து உங்கள் மெஸ்ஸுக்கு வருகிறேன். நீங்கள் செய்ய முடிந்தது இங்கேதான் நிறைய இருக்கிறது. ஒரு நாள் மதியம் 40 பார்சல் போனது, சாப்பாடு 80 ரூபாய், தயிர்சாதம் 50 ரூபாய், கல்லாவில் பார்சல் பணம் 2,750 என்று வைத்துக்கொள்வோம். எது எத்தனை போனது? இதை எக்ஸ், ஒய் இல்லாமலே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நாற்பதும் தயிர்சாதமாகவே போயிருந்தால் 2,000 ரூபாய்தான் வந்திருக்கும். 750 கூடுதலாக இருக்கிறது. ஒரு தயிர்சாதத்துக்குப் பதில் ஒரு சாப்பாடு போனால் 30 ரூபாய் கூடும். 750-ஐ 30-ஆல் வகுத்தால் 25. ஆக சாப்பாடு 25, தயிர்சாதம் 15.

இப்போது மகளை இதையே எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டின் எண்ணிக்கை ச, தயிர்சாதத்தின் எண்ணிக்கை த:

ச + த = 40
80ச + 50த = 2,750

நீக்கல் முறையில் போட முதல் சமன்பாட்டை 50-ஆல் பெருக்குவாள், 50ச + 50த = 2,000. அந்த 2,000 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நீங்கள் மனதில் போட்ட 'எல்லாமே தயிர்சாதமாக இருந்தால்' என்பதுதான் அது. கழித்தால் 30ச = 750, அதுவும் நீங்கள் சொன்னதுதான். அவள் ஏதோ வகுப்பில் சொல்லிக்கொடுத்த சடங்கு என்று நினைத்துச் செய்துகொண்டிருக்கிற நீக்கல் முறையும் அம்மா கல்லாவில் உட்கார்ந்து போடுகிற கணக்கும் ஒன்றேதான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இதே கணக்கு ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் மேல் பழைய சீன நூலான சுன்ட்சுவில் கோழியும் முயலுமாக இருக்கிறது: ஒரு கூண்டில் 35 தலை, 94 கால், கோழி எத்தனை, முயல் எத்தனை? எல்லாமே கோழியாக இருந்தால் 70 கால், மிச்சம் 24, முயலுக்கு இரண்டு இரண்டாகக் கூடும், ஆகவே 12 முயல், 23 கோழி.

ஒரு நாள் கல்லாவில் 2,750-க்குப் பதில் 2,800 இருந்தது என்று கணக்கை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். 800-ஐ 30 சரியாக வகுக்காது, சாப்பாடு 26-உம் முக்காலுக்குக் கொஞ்சம் குறைவும் என்று வரும். முக்கால் பார்சல் யாரும் வாங்கவில்லை. அப்படியானால் பார்சலை எண்ணியதில் தப்பு, அல்லது யாருக்கோ மீதி சில்லறை கொடுக்கவில்லை. இதை அவளே கண்டுபிடித்துச் சொன்னால், விடை எப்படி இருக்க வேண்டும் என்ற உணர்வு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்த கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரி கொடுங்கள். 9-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசர் அமோகவர்ஷர் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் என்ற ஜைனக் கணித அறிஞர் கணித சார சங்கிரகம் என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார், 1912-ல் சென்னையில் அதை மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சிட்டார்கள். அதில் ஒரு கணக்கு: 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107, 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றும் என்ன விலை? மெஸ் கணக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் கேளுங்கள், விடையைப் பற்றி அவசரம் வேண்டாம். மெஸ் கணக்கில் விலை தெரியும், எண்ணிக்கை தெரியாது, ஆகவே எழுத்து எண்ணிக்கைக்கு. இங்கே எண்ணிக்கை தெரியும், விலை தெரியாது, ஆகவே எழுத்து விலைக்கு. இரண்டிலும் 'எண்ணிக்கை பெருக்கல் விலை' என்பதுதான் நடக்கிறது. ஆனால் டியூஷன் ஃபார்முலாவை மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டையும் ஒரே மாடல் என்று நினைத்து இரண்டாவது கணக்கில் நாரத்தை + விளா = 16 என்று எழுதிவிட்டு முழிக்கும்.

போடுகிற விதமும் அழகானது. நா, வி இரண்டும் விலை என்றால் 9நா + 7வி = 107, 7நா + 9வி = 101. 9-ஐயும் 7-ஐயும் சமமாக்க இரண்டையும் 63 வரும்படி பெருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டையும் கூட்டினால் 16நா + 16வி = 208, அதாவது நா + வி = 13. கழித்தால் 2நா − 2வி = 6, அதாவது நா − வி = 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. கெழுக்கள், அதாவது எழுத்துக்கு முன்னால் நிற்கிற எண்கள், இப்படி இடம் மாறி வருகிற சமன்பாடு தேர்வில் வந்தால் (37, 43 என்று பயமுறுத்துகிற எண்ணாகத்தான் பெரும்பாலும் வரும்) கூட்டு, கழி, முடிந்தது. குறுக்குப் பெருக்கல் முறையில்தான் போட வேண்டும் என்று கேள்வியில் கேட்டால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து, அதில் குறி தவறுகிற வாய்ப்பு அதிகம்.

இரண்டு இலக்க எண் கணக்கில் மட்டும் ஊகித்துப் பார்க்கிற வழி ஒரு இடத்தில் காலை வாரும், அதனால் அதைத் தனியாகச் சொல்கிறேன். 'ஒரு ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 12. இலக்கங்களை இடமாற்றினால் கிடைக்கும் எண் முதல் எண்ணைவிட 18 அதிகம். அந்த எண் எது?' அவள் 48 என்று ஊகிப்பாள். 4 + 8 = 12, சரி. திருப்பினால் 84, வித்தியாசம் 36, தப்பு. இதுவரை நன்றாக வந்தது. ஆனால் 48-ஐ 84 ஆக்கியபோது அவள் கூட்டவோ பெருக்கவோ இல்லை, எழுதிய இரண்டு எண்ணை இடம் மாற்றிப் போட்டாள், அவ்வளவுதான். அதையே எழுத்தில் செய்யப் போனால் பஒ என்று எழுதி ஒப என்று திருப்புவாள், இயற்கணிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பெருக்கல் என்று அர்த்தமாகிவிடும், இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே இந்தக் கணக்குக்கு மட்டும் ஊகித்த எண்ணையே பிரித்து எழுதச் சொல்லுங்கள். 48 என்றால் நான்கு பத்து ரூபாய்த் தாளும் எட்டு ஒரு ரூபாய்க் காசும், 10 × 4 + 8. திருப்பினால் 10 × 8 + 4. சரிபார்ப்பு இப்படி இருக்கும்:

10 × 8 + 4 = 10 × 4 + 8 + 18 சரியா?

இல்லை. பத்தாம் இடத்து இலக்கம் ப, ஒன்றாம் இடத்து இலக்கம் ஒ என்று மாற்றினால்:

10ஒ + ப = 10ப + ஒ + 18

ஒரு பக்கம் கொண்டுவந்தால் 9ஒ − 9ப = 18, அதாவது ஒ − ப = 2. கூடுதல் 12. ஆகவே ஒ = 7, ப = 5, எண் 57. அந்த 9 எப்போதும் வரும் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி கணக்கில் வித்தியாசம் 9-ஆல் வகுபடவில்லை என்றால் (20 அதிகம் என்று கொடுத்திருந்தால்) அச்சுப் பிழை, அப்படி ஒரு எண்ணே கிடையாது.

இதே கணக்கில் அந்த 18-ஐ எந்தப் பக்கம் கூட்டுவது என்று குழம்புகிற பிள்ளைகள் நிறையப் பேர். 10ஒ + ப + 18 = 10ப + ஒ என்று எழுதிவிட்டால் விடை 75 என்று வரும், அதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் சரியாகவும் இருக்கும். தப்பான சமன்பாட்டின் விடை தப்பான சமன்பாட்டுக்குச் சரியாகத்தானே இருக்கும்! அதனால் விடை வந்ததும் சமன்பாட்டில் போட்டுப் பார்க்காதே, கேள்வியைத் திரும்பப் படித்து அதில் போட்டுப் பார் என்று சொல்லுங்கள். 75-ஐத் திருப்பினால் 57, அது 18 குறைவு, கேள்வி 'அதிகம்' என்கிறது, மாட்டிக்கொண்டது.

'மடங்கு' என்று வருகிற இடத்திலும் இதே தலைகீழ்த் தப்பு நடக்கும், இதைப் பற்றி ஒரு பிரபலமான ஆய்வே உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுது என்று அமெரிக்காவில் பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரிடம் கேட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 37 சதவீதம் பேர் தப்பாக எழுதினார்கள், அந்தத் தப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே தப்பு: மாணவர் எண்ணிக்கை மா, பேராசிரியர் எண்ணிக்கை பே என்றால் 6மா = பே. பொறியியல் படிக்க வந்தவர்களே இப்படி என்றால் உங்கள் மகளைக் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர்கள் 'மா' என்பதை மாணவர் என்ற ஆளாகப் படித்துவிட்டார்கள், 'ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர்' என்று. எழுத்து ஆளுக்கு இல்லை, எண்ணுக்கு. 10 பேராசிரியர் என்று ஒரு எண்ணை வைத்துப் பார்த்தால் மாணவர் 60, 60 = 6 × 10, ஆகவே மா = 6பே. ஊகித்துப் பார்த்தால் இதுவும் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் மேலே முதலெழுத்தை வைத்ததில் இந்த ஆபத்து இருக்கிறது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் 'வயது', 'எண்ணிக்கை', 'விலை' என்று சேர்த்து எழுதினேன். அவள் நோட்டில் 'பேனா = எக்ஸ்' என்று எழுதியிருந்தால் விடாதீர்கள், 'ஒரு பேனாவின் விலை எக்ஸ் ரூபாய்' என்று முழுதாக எழுத வையுங்கள். அலகும் அதில் வர வேண்டும். படகுக் கணக்கில் வேகம் மணிக்கு கி.மீ. என்று எழுதிவிட்டுக் கேள்வியில் கொடுத்த 20 நிமிடத்தை 20 என்றே போட்டுவிடுவார்கள், அது மூன்றில் ஒரு மணி. மற்றபடி படகுக் கணக்கில் பயப்பட ஒன்றும் இல்லை, நீரோட்டத்தோடு போனால் இரண்டு வேகத்தையும் கூட்டு, எதிர்த்துப் போனால் கழி. 36 கி.மீ. தூரத்தை நீரோட்டத்தோடு 3 மணியில் கடந்தால் கூடுதல் 12, எதிர்த்து 24 கி.மீ. போக 3 மணி என்றால் வித்தியாசம் 8, படகு 10, நீரோட்டம் 2.

அப்புறம், நீங்களே கணக்கு உருவாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு எண் தெரியவில்லை என்றால் இரண்டு தகவல் வேண்டும், அந்த இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். '2 தோசையும் 3 வடையும் 116 ரூபாய், 4 தோசையும் 6 வடையும் 232 ரூபாய்' என்று கொடுத்தால் இரண்டாவது வாக்கியம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, முதல் பில்லை இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். நீக்கல் முறையில் போட்டால் 0 = 0 என்று வந்து நிற்கும். தோசை 40, வடை 12 என்றாலும் சரி, தோசை 37, வடை 14 என்றாலும் சரி, எண்ணிலடங்கா விடை. அதையே 4 தோசை, 6 வடை 240 ரூபாய் என்று மாற்றினால் இரண்டு பில்லும் ஒன்றை ஒன்று பொய் என்கின்றன, விடையே கிடையாது, 0 = 8 என்று வரும். பாடப்புத்தகத்தில் கெழுக்களின் விகிதத்தை ஒப்பிட்டு 'எண்ணற்ற தீர்வுகள்', 'தீர்வு இல்லை' என்று ஒரு பட்டியல் இருக்குமே, பிள்ளைகள் எந்த விகிதம் எதற்குச் சமம் என்று உருப்போடுவார்களே, அந்தப் பட்டியல் சொல்வது இவ்வளவுதான். இப்படி ஒரு பில்லைச் சொல்லாமல் கொள்ளாமல் நடுவில் கொடுத்துப் பாருங்கள், அவள் திட்டினாலும் மறக்க மாட்டாள்.

நல்ல கணக்கு உருவாக்க எளிய வழி, விடையை முதலில் முடிவு செய்துவிடுவது. தோசை 40, வடை 12 என்று மனதில் வைத்துக்கொண்டு இரண்டு விதமான பில் போட்டுக் கொடுங்கள். இன்னும் நல்லது, அவளை உருவாக்கச் சொல்லி நீங்கள் போடுவது. கணக்கு உருவாக்குகிற பிள்ளை கேள்வியை உள்ளேயிருந்து பார்க்கும், எந்தத் தகவலைக் கொடுக்கிறோம், எதை மறைக்கிறோம் என்று யோசித்தே ஆக வேண்டும். நீங்கள் இயற்கணிதத்தில் போடாமல் உங்கள் கல்லாக் கணக்கிலேயே போடுங்கள், அவள் அதைச் சமன்பாட்டில் போட்டு உங்களோடு ஒத்துப்பார்க்கட்டும். கடை மூடிய பிறகு இரவில் ஒன்று போதும். பத்து கணக்கு வேண்டாம்.

நீங்கள் பக்கத்தில் உட்காரும்போது செய்ய வேண்டியது விடை சொல்வது இல்லை. கேள்வியை அவள் சத்தமாகப் படிக்கட்டும், புத்தகத்தை மூடிவிட்டு என்ன கேட்டிருக்கிறார்கள் என்று தன் வார்த்தையில் சொல்லட்டும். 'இந்த எழுத்து எதன் எண்?' என்று கேளுங்கள். 'எதை எதற்குச் சமம் என்கிறாய்?' என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வி கேட்கப் பத்தாவது படிப்பே அதிகம். அவள் திணறினால் எண்ணை ஊகிக்கச் சொல்லுங்கள், மறுபடி மேலே சொன்னதுதான்.

கொஞ்ச நாளில் ஊகிக்காமலே எழுத ஆரம்பிப்பாள். அப்போது விட்டுவிடலாம், கட்டாயப்படுத்த வேண்டாம். சிக்கிக்கொண்டால் திரும்பி வர ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பில் இயற்கணிதப் பாடமே மூன்று மாறிகளில் அமைந்த ஒருங்கமை சமன்பாடுகளோடுதான் தொடங்குகிறது. மூன்று எண்ணை ஊகி, மூன்று வாக்கியத்தைச் சரிபார், அங்கேயும் இதே வழி செல்லும்.

இனி டியூஷன். மாடல் மாடலாகப் பிரித்துக் கொடுப்பது முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். தேர்வுக்கு முந்தின வாரம் எல்லா வகையையும் ஒரு தடவை பார்த்துவிட்டோம் என்ற தைரியம் அதில் கிடைக்கும். ஆனால் 'வயதுக் கணக்குக்கு இந்த ஃபார்முலா' என்று ஆரம்பத்திலேயே கொடுத்தால், கேள்வியில் 'இருவர் வயதின் கூடுதல்' என்று ஒரு வார்த்தை மாறியதும் ஃபார்முலா கைவிட்டுவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன் அங்கே போய் ஒரே ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: அவளை ஃபார்முலா இல்லாமல் சமன்பாடு மட்டும் எழுத விடுவீர்களா, தீர்க்க வேண்டாம், வாரத்துக்கு நாலைந்து கணக்குக்குச் சமன்பாடு வரைக்கும் எழுதிக் காட்டினால் போதும் என்று. ஒத்துக்கொண்டால் அங்கேயே படிக்கட்டும். 'அதெல்லாம் டைம் இல்லை, சிலபஸ் முடிக்கணும்' என்றால் வேறு இடம் பாருங்கள், இல்லாவிட்டால் கணக்குக்கு மட்டும் டியூஷனையே நிறுத்திப் பாருங்கள், அவள் போடுகிறவள்தான்.

தேர்வில் ஒன்று மட்டும் செய்யக் கூடாது, இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வருவது. விடைத்தாள் திருத்தும்போது படிக்குப் படி மதிப்பெண் உண்டு. எழுத்து எதற்கு என்று எழுதி, ஒரு சமன்பாடாவது சரியாக அமைத்திருந்தால் அதற்கு உண்டானது கிடைக்கும். ஊகித்துப் பார்க்கிற வேலையைப் பக்கத்தின் ஓரத்தில் ரஃப் என்று எழுதிக் கோடு போட்டுச் செய்யலாம், விடையில் அது வர வேண்டாம். கடைசி வரி 'ம = 10' என்று நிற்காமல் 'மகளின் வயது 10, தாயின் வயது 34' என்று கேள்வி கேட்டதற்குப் பதிலாக முடியட்டும்.